குட்டி எஞ்சினை மூன்று மடங்காகச் செய்தவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசைமேல் இரண்டு எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும் காக்ஸ் பேப் பீ .049. இன்னொன்று அதே உருவம், அதே பின்பக்க டேங்க், அதே கறுத்த சிலிண்டர், ஆனால் நீளம், அகலம், உயரம் எல்லாம் மூன்று மடங்கு. பார்க்க வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை எழுதி வைத்துவிட்டால் எனக்குத் தொண்டை மிச்சம்.

பேப் பீ .049 என்றால் என்ன?

சிறுவர்களின் மாதிரி விமானங்களுக்காகச் செய்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சான்டா அனாவில் லெராய் காக்ஸ் நடத்திய தொழிற்சாலை 1950களின் நடுவிலிருந்து இதைக் கூடை கூடையாகச் செய்து தள்ளியது. .049 என்பது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு. நம் கணக்கில் 0.82 சிசி. சிலிண்டரின் உள்விட்டம் 10.3 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 9.8 மி.மீ. சுண்டுவிரல் நுனி அளவுக்குக்கூட இல்லாத பிஸ்டன் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்குமேல் ஓடும். அதை முதல்முறை கேட்கிறவர்கள் குளவிக்கூடு கலைந்துவிட்டதென்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அதை ஏன் பெரிதாக்க வேண்டும்?

வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ரயில் எஞ்சினையும் கார் எஞ்சினையும் சின்னதாகச் செய்வதுதான் இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம். பொம்மையாகவே பிறந்ததைப் பெரிதாக்குவது தலைகீழ் வேலை. சின்ன வயதில் ஊசிமுனை அளவில் பார்த்த பாகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கும்போது வரும் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகத்தான். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொள்ளளவும் வெப்பமும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை என்று புத்தகத்தில் படித்தது உண்மையா என்று கையால் பார்க்க ஆசை.

மற்ற பழைய எஞ்சின்கள் எத்தனையோ இருக்க, இதை ஏன் எடுத்தீர்கள்?

வார்ப்பு வேலை இல்லை. பேப் பீயின் கிராங்க் கேஸ், அதாவது கிராங்க் தண்டு சுற்றும் உறை, அலுமினியத்தில் கடைந்தது. சிலிண்டர் ஒரே துண்டு இரும்பு. குளிர்விக்கும் விளிம்புகளும் அதிலேயே கடைந்தவை. மரையைத் திருகினால் சிலிண்டர் கேஸுக்குள் உட்காரும், தலை சிலிண்டருக்குள் உட்காரும். ஓர் ஆறடி லேத், சின்ன மில்லிங் மிஷின், பொறுமை. இவை இருந்தால் வேலை நடக்கும்.

ஃபிலடெல்ஃபியாவில் பில் பிரௌன் 1930களில் செய்த பிரௌன் ஜூனியரும் மனசில் இருந்தது. அது 10 சிசிக்குச் சற்றுக் குறைவான ஸ்பார்க் பிளக் எஞ்சின். இரண்டு மடங்காக்கினால் 79 சிசி வரும். தீப்பொறியில் ஓடுவதால் பெரிதாக்கினாலும் சண்டித்தனம் குறைவு. ஆனால் அதன் கேஸுக்கு வார்ப்படம் பிடிக்க வேண்டும், நான் வார்ப்புக்காரன் இல்லை. இங்கிலாந்தின் மில்ஸ் மாதிரியான 'டீசல்' வகைகளும் அழகுதான். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்து, தீப்பொறியே இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் பற்றவைப்பவை. அதைப் பெரிதாக்கி, ஈதரை லிட்டர் கணக்கில் பட்டறையில் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று மடங்கு என்றால் சிசியும் மூன்று மடங்குதானே?

இல்லை, இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். நீளம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு, கொள்ளளவு இருபத்தேழு மடங்கு. 0.82 சிசி இருபத்திரண்டு சிசியாகிவிடும். எடையும் அப்படியே: குட்டியை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் பெரியது 1.35 கிலோ. ஐந்து மடங்குக்குப் போனால் 102 சிசி, ஆறே கால் கிலோ. டிவிஎஸ் எக்ஸ்எல்100 வண்டியின் எஞ்சின் 99.7 சிசி. அதாவது பொம்மையை ஐந்து மடங்கு ஊதினால் மூட்டை ஏற்றும் வண்டியின் கொள்ளளவு வந்துவிடுகிறது. பத்து மடங்கு என்றால் 820 சிசி, 50 கிலோ, பிஸ்டன் சாப்பாட்டுக் கிண்ணம் அளவு. அதற்கு லேத்தும் பெரிது வேண்டும், வீட்டில் சொல்லும் பொய்யும் பெரிதாக வேண்டும்.

இதுவும் பன்னிரண்டாயிரம் சுற்று ஓடுமா?

ஓடாது, ஓட விடவும் கூடாது. குட்டிக்கு ஆறு அங்குல விசிறி, அதாவது ப்ரொப்பெல்லர். பன்னிரண்டாயிரம் சுற்றில் அதன் முனை நொடிக்கு 96 மீட்டர் வேகத்தில் போகும். மணிக்கு 345 கிலோமீட்டர். மூன்று மடங்கு எஞ்சினுக்குப் பதினெட்டு அங்குல விசிறி. அதே முனை வேகம் வர நாலாயிரம் சுற்று போதும். பிஸ்டன் வேகமும் அப்போது குட்டியினுடையதற்குச் சமம். ஐந்து மடங்குக்கு 2,400.

சுற்று குறைவதால் குரலே மாறிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஒரு வெடி. குட்டி நொடிக்கு இருநூறு தடவை வெடிக்கிறது, என்னுடையது அறுபத்தேழு தடவை. குளவி போய்ப் பழைய மொபெட் வந்தது மாதிரி. முதல்முறை கிளப்பியபோது பக்கத்தில் இருந்த பையனுக்கு முகமே விழுந்துவிட்டது. "அந்த 'ஙீ' சத்தம் எங்க மாமா?" என்றான்.

பவர் இருபத்தேழு மடங்கா?

ஒன்பது மடங்கு. வேகத்தை அதே அளவில் வைத்தால் பவர் பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தே கூடும். எடை இருபத்தேழு, பவர் ஒன்பது. கிலோவுக்கு எவ்வளவு பவர் என்று பார்த்தால் பெரியது குட்டியில் மூன்றில் ஒரு பங்குதான். எறும்பு தன்னைவிடப் பல மடங்கு எடையைத் தூக்குவதும் யானை தூக்காததும் இதே கணக்கு.

குட்டியில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாதே, பெரியதில் எப்படி?

என் பணமும் மூன்று மாதமும் போன இடம் இது. ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி மாட்டி, அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்.

காக்ஸ் எஞ்சினில் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசித் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. சிலிண்டர் மேலே போகப் போக மயிரிழை குறுகும். ரிங் இல்லாமலே பிஸ்டன் உச்சியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நானும் அப்படியே செய்தேன். வார்ப்பிரும்பில் பிஸ்டன், உருக்கில் சிலிண்டர், இரண்டு வாரம் அரைக்கும் பசை தடவித் தேய்ப்பு. குளிர்ந்திருக்கும்போது விரலால் மூடித் தள்ளினால் காற்றுத் தலையணை மாதிரி எதிர்த்தது. பெருமை தாங்கவில்லை. எஞ்சின் கிளம்பி மூன்றாவது நிமிடத்தில் குரல் கரகரத்தது, இரண்டு தடவை இருமியது, 'கிர்ர்' என்று நின்றுவிட்டது. விசிறியை இரண்டு கையால் பிடித்துத் திருகினாலும் அசையவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. பிஸ்டன் சிலிண்டரைவிட நூறு டிகிரி அதிகம் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10.3 மி.மீ. பிஸ்டன் 11 மைக்ரான் வீங்கும். 31 மி.மீ. பிஸ்டன் 34 மைக்ரான் வீங்கும். ஐந்து மடங்கில் அது 57. இடைவெளியை அடைத்து நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலமோ எஞ்சின் பெரிதானதற்காகத் தானும் தடிப்பதில்லை. சூட்டுக்கு இடம் விட்டால் குளிரில் அழுத்தம் ஒழுகும்; குளிரில் இறுக்கினால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். அது போதாதென்று, வெப்பம் பிஸ்டனின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வர மூன்று மடங்கு தூரம் நடக்க வேண்டும். அதனால் பிஸ்டனின் உச்சி குட்டியினுடையதைவிட நன்றாகவே சூடாகும்.

ஆகவே ரிங். புல் வெட்டும் மிஷினுக்கான 32 மி.மீ. ரிங் கடையில் சுலபமாகக் கிடைத்தது. அதற்காகச் சிலிண்டரை 31-லிருந்து 32-ஆகக் கடைந்தேன். கொள்ளளவு 23.6 சிசி ஆனது. துல்லியக்காரர்கள் மன்னிக்கவும்.

இரண்டாவது சிலிண்டர் நாற்பது நொடி ஓடியது. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். பேப் பீயின் எக்ஸாஸ்ட் துளைகள் அகலமான நீள்கீற்றுகள். ரிங் இல்லாத பிஸ்டனுக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் ரிங் விரியும் குணம் உள்ளது. அகலமான துளையைத் தாண்டும்போது அதற்குள் பிதுங்கி, விளிம்பில் மாட்டி, இரண்டாக முறிந்துவிட்டது. முறிந்த துண்டு சிலிண்டர் சுவரில் உழுத கோடு இன்னும் அலமாரியில் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரில் ஒவ்வொரு துளைக்கும் நடுவில் இரண்டு மெல்லிய கம்பம் விட்டேன். ரிங் சுழன்று அதன் வாய் துளைப் பக்கம் போகாமல் பள்ளத்தில் ஒரு குட்டி ஊசியும் அடித்தேன். உற்றுப் பார்த்தால் மூலத்தில் இல்லாத அந்தக் கம்பங்கள் தெரியும். வேறு வழியில்லை.

குளோ பிளக் பெரிய எஞ்சினில் வேலை செய்யுமா?

இந்த அளவு வரை செய்யும், முணுமுணுத்துக்கொண்டே. குளோ பிளக் என்பது தீப்பொறி இல்லாமல், சிவக்கும் கம்பியால் கலவையைப் பற்றவைப்பது. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவருமுன் மாதிரி விமானம் காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பறந்தது. அவர் பிளாட்டினக் கம்பிச் சுருளைப் போட்டார். கிளப்பும்போது மட்டும் 1.5 வோல்ட். அதன் பிறகு எரிபொருளான மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தின்மேல் பட்டுத் தானே வினைபுரிந்து கம்பியைச் சிவக்க வைத்துக்கொண்டே இருக்கும்.

காக்ஸில் தனி பிளக் கிடையாது, சிலிண்டரின் தலையே பிளக். அதை அப்படியே மூன்று மடங்காக்க ஆசைப்பட்டேன். கம்பி மூன்று மடங்கு தடித்து மூன்று மடங்கு நீண்டால் அதன் மின்தடை மூன்றில் ஒன்றாகும், சூடாக்க வேண்டிய பரப்பு ஒன்பது மடங்காகும். குட்டி மூன்று ஆம்பியர் குடித்தால் இது பதினைந்தைத் தாண்டும். பிளாட்டினமும் இருபத்தேழு மடங்கு வேண்டும். நகைக்கடையில் விலையைக் கேட்டேன், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது தலைக்குள் சாதாரணக் கால் அங்குல மரை கொண்ட குளோ பிளக் ஒளிந்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் சுற்றில் இரண்டு வெடிக்கு இடையே ஐந்து மில்லி நொடி, நாலாயிரத்தில் பதினைந்து. அந்த இடைவெளியில் கம்பி ஆறிப்போகப் பார்க்கிறது. அதனால் மெதுவாக ஓடும்போது பேட்டரியைக் கழற்றுவதில்லை. ஐந்து மடங்கு செய்கிறவர்களுக்கு நான் ஸ்பார்க் பிளக்கையே சொல்வேன்.

அது ஏமாற்று வேலை இல்லையா?

வெளியே காக்ஸ் தலை, உள்ளே ஸ்பார்க் பிளக் என்று செய்து அதை ஒளிக்காமல் சொன்னால் ஏமாற்று இல்லை. ஓடாத எஞ்சினை அழகாகப் பளபளக்க வைத்து 'அச்சு அசல்' என்று காட்டுவதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஓடாதது எஞ்சின் இல்லை, காகித எடை.

எதுவுமே சரியாகப் பெரிதாகவில்லையா?

ஏன் இல்லை, ரீட் வால்வு! பேப் பீயில் கிராங்க் கேஸின் பின்னால் மயிலிறகு கனத்தில் ஒரு செம்புக் கலவைத் தகடு. பிஸ்டன் மேலே போகும்போது உறிஞ்சலில் திறந்து கலவையை உள்ளே விடும், கீழே வரும்போது மூடிக்கொள்ளும். எல்லா அளவும் மூன்று மடங்கானால் தகட்டின் இயல்பான அதிர்வு வேகம் மூன்றில் ஒன்றாகும். எஞ்சின் சுற்றும் மூன்றில் ஒன்று. பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் மாதிரி அமைந்துவிட்டது. மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் தகட்டையே வெட்டிப் போட்டேன், ஒரே தடவையில் சரியானது.

ஒரு சங்கதி மட்டும் கவனம். ரீட் எந்தப் பக்கம் சுற்றினாலும் திறக்கும். அதனால் இந்த எஞ்சினுக்கு முன், பின் தெரியாது. ஒருநாள் கிளம்பியதும் காற்று எதிர்ப்பக்கம் அடிப்பதைப் பார்த்து, தாங்கியை இறுக்கிய போல்ட்டுகளை நினைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன். குட்டியில் இருக்கும் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் விரலைக் காப்பதோடு சரியான திசையையும் உறுதி செய்கிறது. அதைக் கழற்றி எறிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எரிபொருள் என்ன?

மெத்தனாலும் விளக்கெண்ணெயும். குட்டிக்கு வீரியம் கூட்டும் நைட்ரோமீத்தேனும் கணிசமாக வேண்டும். பெரியது அது இல்லாமலே ஓடுகிறது, அந்த வகையில் செலவு மிச்சம். விளக்கெண்ணெய் மெத்தனாலில் நன்றாகக் கரையும், கடும் சூட்டிலும் படலம் அறுக்காது. முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களும் இதைத்தான் குடித்தன. ஓடி முடித்தபின் சட்டையில் ஒட்டும் அந்த வாசனைக்கு நான் அடிமை. வீட்டில் வேறு யாரும் அடிமை இல்லை.

மெத்தனால் விளையாட்டுப் பொருள் இல்லை. கள்ளச்சாராயச் சாவுகளில் ஆளைக் கொன்றதும் கண்ணைப் பறித்ததும் இதுதான். 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்தது மறந்திருக்காது. கட்டுப்பாடுள்ள பொருள், அனுமதி இல்லாமல் வாங்கி வைக்காதீர்கள். தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. தெரியாத தீயில் கை வைத்தபிறகுதான் தெரியும். கையுறையும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் கட்டாயம்.

ஒரு டேங்க் எவ்வளவு நேரம் வரும்?

குட்டியின் டேங்க் 5 சிசி, இரண்டு நிமிடச் சொச்சம் ஓடும். பெரியதில் 135 சிசி. செலவு ஒன்பது மடங்குதான் கூடுகிறது, அதனால் மூன்று மடங்கு நேரம், ஆறேழு நிமிடம். ஆனால் எரிபொருளை உறிஞ்சி ஏற்ற வேண்டிய உயரமும் மூன்று மடங்கு. உறிஞ்சும் விசை கூடவில்லை. டேங்க் பாதியாகும்போது கலவை மெலிந்து குரல் கூர்மையாகும், உடனே எரிபொருளை அளந்து விடும் ஊசியை அரைக்கால் சுற்றுத் திறந்துவிட வேண்டும்.

அளவுகளை எங்கே எடுத்தீர்கள்?

தேய்ந்துபோன ஒரு பேப் பீயைப் பிரித்து மைக்ரோமீட்டரால் அளந்தேன். வெளியே தெரியும் எதையும் மூன்றால் பெருக்குங்கள்: விளிம்பின் கனம், முன் நட்டின் வரிவரியான பிடி, டேங்கின் வளைவு. பொருத்தங்களை மட்டும் பெருக்காதீர்கள். தண்டுக்கும் அதன் புஷ்ஷுக்கும் நடுவே குட்டியில் உள்ள இடைவெளியை மூன்றால் பெருக்கினால் கடகடவென்று ஆடும். அதைப் பாகத்தின் அளவுக்குத் தக்கபடி தனியாக முடிவு செய்ய வேண்டும். கனெக்டிங் ராடின் பந்து முனையைப் பிஸ்டனுக்குள் அழுத்தி மடித்துப் பிடிப்பது காக்ஸ் வழி. என்னிடம் அவ்வளவு பெரிய பிரஸ் இல்லை, உள்ளே மரை போட்டு ஒரு வளையத்தைத் திருகிவிட்டேன். கிராங்க் ஈஎன்24 என்ற உறுதியான கலப்பு உருக்கு.

விரலால் சுண்டிக் கிளப்பலாமா?

என் வலது ஆள்காட்டி விரல் நகத்தில் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது. பத்து வயதில் ஆறு அங்குல விசிறி போட்டது. பெரிய விசிறி அதே முனை வேகத்தில் சுற்றும்போது அதில் தேங்கும் ஆற்றல் இருபத்தேழு மடங்கு. கோடு போடாது, விரலையே எடுத்துக்கொண்டு போகும். எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர், கனமான பலகை, நான்கு போல்ட்டு. விசிறி சுற்றும் தளத்தில் யாரும் நிற்கக்கூடாது, போட்டோ எடுக்கிறவர் முக்கியமாக. மரவிசிறியில் சின்ன வெடிப்பு தெரிந்தால் அடுப்புக்குத்தான்.

விமானத்தில் மாட்டிப் பறக்கவிடுவீர்களா?

மாட்டேன். ஒன்றரைக் கிலோவை நெருங்கும் எஞ்சின் ஒன்று கடையில் வாங்கும் சாதாரண 20 சிசி எஞ்சினிடம் தோற்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

இப்போது ஓடுகிறதா?

ஓடுகிறது. ஊசி இரண்டரைச் சுற்று திறந்து, சிலிண்டருக்குள் நாலு சொட்டு விட்டு, ஸ்டார்ட்டரை ஒரு தடவை தொட்டால் பிடித்துக்கொள்ளும். போன ஞாயிறு ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு பக்கத்தில் குட்டியையும் கிளப்பினேன். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குட்டியின் பக்கம் போய் நின்றுகொண்டான்.